குலுக்காதே என்று சொன்னவள்

என் அக்கா ஜான்சிக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள். பாத்திரம் கழுவுவாள். கழுவிக் கவிழ்த்து வைத்த பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவுவாள். எங்கள் வீட்டில் ஒரு எவர்சில்வர் சொம்பு இருக்கிறது. அக்கா கழுவிக் கழுவி அதில் அடித்திருந்த அம்மாவின் பெயர் பாதி தேய்ந்துபோய்விட்டது. யாராவது வந்து "பொண்ணு என்ன படிக்குது" என்று கேட்டால், அம்மா அந்தச் சொம்பில்தான் தண்ணீர் கொடுப்பாள்.

அக்காவுக்கு முப்பத்திரண்டு வயது. சிதம்பரத்தில் ஒரு காலேஜில் ஏழாவது வருஷமாக ஆராய்ச்சி செய்கிறாள். காலேஜ் பெயரை எழுதினால் என் கையை உடைத்துவிடுவாள். அதனால் ஒரு காலேஜ், அவ்வளவுதான். அதன் காம்பவுண்டு சுவரை விட அங்கே இருப்பவர்களின் பட்டங்கள் நீளம் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நாங்கள் கடலூர் முதுநகர். அப்பா லூர்துசாமி துறைமுகத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர். ஒட்டுகிற ரெசின் பசையின் வாசனை அவர் சட்டையிலிருந்து போகாது. அக்கா சின்னவளாக இருக்கும்போது அவர் போட்ட ஒட்டு ஒன்று கடலில் போகும்போது பிரிந்து, படகு தண்ணீர் ஏறித் திரும்பி வந்தது. படகுக்காரன் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனான். "பழைய ரெசின் புதுசை ஏத்துக்காது. சொரசொரன்னு தேய்ச்சிட்டுத்தான் ஒட்டணும். அவசரத்துல வுட்டுட்டேன்" என்றார் அப்பா. "ஏன் ஏத்துக்காது?" என்று கேட்டாளாம் அக்கா. "அதைக் கேட்டா நான் எங்க போவேன்? போய்ப் படி" என்றாராம். போய்ப் படித்தாள். எல்லா வம்பும் அங்கே ஆரம்பித்ததுதான்.

பி.எஸ்ஸி. கடலூரில். எம்.எஸ்ஸி. சிதம்பரத்தில். அதற்குப் பிறகு யாரும் போகச் சொல்லாத ஊருக்குப் போகிற மாதிரி இந்த ஆராய்ச்சி. காலையில் பாசஞ்சர் ரயில் கிடைத்தால் ரயில், விட்டால் பஸ். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனும் அவளுக்கு மனப்பாடம். ரயிலில் உட்கார்ந்தே தூங்குவாள், சிதம்பரத்துக்கு முந்தின கிள்ளை தாண்டியதும் யாரும் எழுப்பாமல் விழித்துக்கொள்வாள்.

அவள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்பதை எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். நான் ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி பரீட்சை அன்றைக்கு தேவனாம்பட்டினம் பீச்சில் இருந்தவள். அதனால் தப்பு இருந்தால் அது என்னுடையது.

பாலிமர் என்றால் ஒரே மாதிரி துண்டுகள் கோத்த நீளமான சங்கிலி. அக்கா இரண்டு வகைச் சங்கிலிகளை எடுத்துக்கொண்டாள். ஒன்று களிம்பிலும் மாத்திரையிலும் போடுகிற சமாச்சாரம். இன்னொன்று சர்க்கரையைக் கோத்த மாதிரி. முதலாவதைத் தண்ணீரில் போட்டால் நன்றாகக் கரைகிறது. இரண்டாவதும் நன்றாகக் கரைகிறது. இரண்டு தண்ணீரையும் சேர்த்து ஊற்றினால் பால் மாதிரி வெளுத்துப்போகிறது. அப்படியே நகர்த்தாமல் வைத்தால், மெல்ல மெல்ல, மேலே ஒரு தண்ணீர், கீழே ஒரு தண்ணீர் என்று பிரிந்து நிற்கிறது. எண்ணெய் கிடையாது, ஒன்றும் கிடையாது. மேலேயும் தண்ணீர்தான், கீழேயும் தண்ணீர்தான். நடுவில் மட்டும் கண்ணாடி வைத்த மாதிரி ஒரு கோடு.

அந்தக் கோட்டைப் பற்றித்தான் ஏழு வருஷம். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கிற கோடு முறைப்பானது. இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். இந்தக் கோட்டுக்கு அந்த முறைப்பு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பக்கத்தில் யாராவது தொம் தொம் என்று நடந்தாலே அலையடிக்கும். அக்கா மூன்றாவதாக ஒரு சங்கிலியைத் தானே செய்தாள். அதன் ஒரு பாதிக்கு மேலே நிற்கிற தண்ணீர் பிடிக்கும், மறுபாதிக்குக் கீழே நிற்கிற தண்ணீர் பிடிக்கும். எங்கே போகும்? நடுக்கோட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது உட்கார்ந்ததும் கோட்டில் இருக்கிற கொஞ்ச முறைப்பும் போய்விடுகிறது, துளிகள் ஒன்றோடு ஒன்று சேராமல் மிதக்கின்றன, அதனால் பிரிவதற்கு மாசக்கணக்கில் ஆகிறது என்பது அக்காவின் கட்சி.

"நீ சரியாக் கலக்கலைம்மா. அதனாலதான் பிரிய லேட்டாவுது" என்பது அவளுடைய கைடு செந்தமிழ்செல்வன் சாரின் கட்சி.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா ஆராய்ச்சியில் சேர்ந்த வருஷத்தில் அவர் லேபுக்கு வந்து அடுப்பு மாதிரி இருக்கிற ஒரு மெஷினை ஆன் பண்ணிக் காட்டியிருக்கிறார். அதற்கப்புறம் கமிட்டி, கான்பரன்ஸ், சால்வை. அக்கா எழுதிய கட்டுரையில் முதல் பெயர் அவருடையது, இரண்டாவது பெயர் அவருடைய மச்சான் பாலகுமாருடையது. பாலகுமார் வேறு ஊரில் வேறு பாடம் நடத்துகிறவர். அக்கா அன்றைக்குக் கழுவியது பாத்திரம் இல்லை, எங்கள் வீட்டுப் படிக்கட்டு. சார் போன் பண்ணினால் பெரும்பாலும் காபி சம்பந்தமாகத்தான் இருக்கும். யாராவது பெரியவர்கள் வருகிறார்கள், ரெண்டு ஸ்வீட், ஒரு காரம், பில்டர் காபி. அக்காவின் போனில் அவர் பெயரை நான் 'கேன்டீன்' என்று மாற்றி வைத்தேன். பார்த்தாள். திட்டினாள். திரும்ப மாற்றவில்லை.

போன ஆடி மாசம் அக்கா கடைசிச் சோதனையை ஆரம்பித்தாள். கண்ணாடிக் குழாய்கள் இரண்டு வரிசை. முன் வரிசையில் இரண்டு சங்கிலிகள் மட்டும். பின் வரிசையில் மூன்றாவதும். எல்லாவற்றையும் ஒரு மூலையில் ஸ்டாண்டில் நிறுத்தி, முழுசாகப் பிரியும் வரைக்கும் தொடாமல் விடுவது. ஆயுத பூஜை முடிந்த திங்கட்கிழமை கமிட்டி கூடும். சென்னையிலிருந்து பவானி மேடம் வருவார். அவர் கண் முன்னால் மேல் தண்ணீரையும் கீழ்த் தண்ணீரையும் ஊசியில் இழுத்துக் கொடுக்க வேண்டும். அவர் சென்னையில் ஒரு மெஷினில் வைத்துச் சுழற்றி, துளி எவ்வளவு நீள்கிறது என்று பார்த்து, கோட்டின் முறைப்பை அளந்து தருவார். காலேஜ் கொடுத்த காலக்கெடு அந்த மாசத்தோடு முடிகிறது. கமிட்டி சரி என்றால் அக்கா தீசிஸ் கொடுக்கலாம். இல்லையென்றால் பதிவு ரத்து. ஏழு வருஷமும் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் பார்த்த கணக்கில் போய்விடும்.

ஸ்டாண்டின் மேல் அக்கா இங்கிலீஷில் ஒரு போர்டு எழுதி ஒட்டியிருந்தாள். தொந்தரவு செய்யாதீர்கள் என்று அர்த்தம். ஒரு தடவை சாப்பாடு கொடுக்கப் போன நான் அதைப் பார்த்துவிட்டு, "இதை யாரு மதிப்பா?" என்று சொல்லி, பெரிய மண்டை ஓடு வரைந்து, கீழே 'தொட்டால் விரல் அழுகும்' என்று தமிழில் எழுதி ஒட்டினேன். பெருக்குகிற ராசம்மாக்கா அதற்கப்புறம் அந்த மூலையில் துடைப்பத்தைக்கூட நீட்டியதில்லை. ஆடி போச்சு, ஆவணி போச்சு, புரட்டாசி பாதி போச்சு. யாரும் தொடவில்லை.

ஆயுத பூஜை லீவு நாளில் வருவதால் காலேஜில் முதல் நாளே பூசை போட்டுவிடுவார்கள். அது புதன்கிழமை. அப்புறம் திங்கட்கிழமைதான் காலேஜ். அக்காவுக்கு அந்தப் பூசை பிடிக்கும். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்றாலும் லேபில் இருக்கிற தராசுக்கு வருஷா வருஷம் பொட்டு வைக்கிறது அவள்தான். பொரியும் முதல் ஆளாகத் தின்பாள். இந்த வருஷம் அம்மா அவளைப் போக விடவில்லை. திட்டக்குடிப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா கேசரியைத் தின்றுகொண்டே, "பொண்ணு என்ன ஆராய்ச்சி பண்ணுது?" என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "ரெண்டு தண்ணி ஒண்ணோட ஒண்ணு சேராதுங்க ஆன்ட்டி. அதை ஏழு வருஷமா பாத்துக்கினு இருக்கா."

"சேராதுன்னு தெரிஞ்சா வுட்டுட வேண்டியதுதான?"

"ஏன் சேரலன்னு பாக்கணும்ல."

"இதுக்கு கவர்மெண்டு சம்பளம் குடுக்குதா?"

"குடுத்துச்சு. நிறுத்திட்டாங்க."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். மாப்பிள்ளை முதல் தடவையாக வாயைத் திறந்து, "இன்னும் எவ்ளோ நாளு?" என்றார். "திங்கட்கிழமை முடிஞ்சிரும்" என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போது அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். எவ்வளவு நாளாச்சு அப்படிப் பார்த்து.

திங்கட்கிழமை காலையில் நானும் அவளோடு போனேன். கமிட்டிக்கு வடை, ஸ்வீட், காபி, மத்தியானச் சாப்பாடு எல்லாம் ஆராய்ச்சி செய்கிறவர்தான் ஏற்பாடு பண்ண வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். எழுதியிருந்தால் யாராவது கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வடையும் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் கொத்சும் வாங்கி, இரண்டு பிளாஸ்க்கில் காபியும் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போய் இறங்கினோம். அக்கா லேபைத் திறந்தாள்.

மெஷின் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். அடுப்பு மெஷினுக்கு மாலை. தரை பளபளவென்று இருந்தது. மூலையில் என் மண்டை ஓட்டைக் காணோம். ஸ்டாண்டு அங்கே இல்லை. நடு மேஜையில் இருந்தது. ஒவ்வொரு குழாயின் நெற்றியிலும் ஒரு பொட்டு. முன் வரிசைக் குழாய்களில் கோடு தெரிந்தது. பின் வரிசை மொத்தமும் பால்.

அக்கா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். தொடவில்லை. அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு பீக்கரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். சுத்தமான பீக்கர். கழுவினாள். வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"அக்கா" என்றேன்.

"வடையை அந்த மேஜை மேல வெக்காத. எண்ணெய் படும்."

வராண்டாவில் ராசம்மாக்கா துடைத்துக்கொண்டிருந்தார். நான்தான் போய்க் கூட்டி வந்தேன். ஐம்பது வயது இருக்கும். காலேஜில் நிரந்தரம் கிடையாது, தினக்கூலி. உள்ளே வந்து மேஜையைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாருக்கா பாப்பா? நீ இல்லாம பூசை நல்லாவே இல்ல. உன் பொரியை எடுத்து வெச்சிருக்கேன்."

"இதை யாரு குலுக்குனது?" என்றாள் அக்கா, பீக்கரைக் கழுவிக்கொண்டே.

"நாந்தான். பிரிஞ்சு கெடந்துச்சு பாப்பா. கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டேன். சார் வந்தாரு, போட்டோ எடுக்கணும், இதென்னா மூலையில மண்டை ஓடு, பூசை நாளுல அபசகுனமான்னு கிழிச்சிட்டாரு. நடுவுல கொண்டாந்து வையி, பிரிஞ்சு நிக்குறதெல்லாம் குலுக்கி ஒரே மாதிரி பண்ணுன்னாரு. புள்ளைக்கு மருந்து குலுக்குற மாதிரி ஒவ்வொண்ணா குலுக்கி வெச்சேன். கை வுட்டுப்போச்சு."

"மூணு மாசமா இதைத் தொடக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் கண்ணு. ஆனா சாரே சொல்றாரே."

"நான் சொன்னா பேச்சில்ல. சார் சொன்னாத்தான் பேச்சு. அப்படித்தான?"

ராசம்மாக்காவின் முகம் அப்போதுதான் மாறியது. "என்னா ஆச்சு பாப்பா? தப்பா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு ஜோக்கு ஒன்றும் வரவில்லை. பவுடர் மாதிரி பொட்டு உதிர்ந்து கிடந்த மேஜையைத் துடைக்கிற மாதிரி பாவனை பண்ணினேன்.

செந்தமிழ் சார் சென்ட் வாசனையோடு வந்தார். வெள்ளைச் சட்டை. "என்னம்மா ஜான்சி, காபி வந்துருச்சா? மேடம் கெஸ்ட் ஹவுஸ்ல இருந்து கிளம்பிட்டாங்க."

"சார், ட்யூப் எல்லாத்தையும் குலுக்கிட்டாங்க."

"யாரு?"

"நீங்க சொல்லித்தான்."

"நான் சுத்தம் பண்ணச் சொன்னேன்மா. குலுக்கவா சொன்னேன்?" ராசம்மாக்காவைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, உனக்கு இதுல கை வைக்க யாரு உரிமை குடுத்தது? நாளையில இருந்து நீ வர வேணாம்."

ராசம்மாக்கா துணியைக் கையில் பிழிந்துகொண்டே நின்றார். பிழிய அதில் தண்ணீர் இல்லை.

சார் குனிந்து குழாய்களைப் பார்த்தார். ஒன்று சொல்ல வேண்டும், அவர் படித்தவர்தான். முன் வரிசையையும் பின் வரிசையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மூக்கைத் தேய்த்தார். குரல் இனிப்பாகிவிட்டது. "இங்க பாரும்மா. முன்னாடி இருக்கறது அஞ்சு நாள்ல பிரிஞ்சிருச்சு. பின்னாடி பிரியலை. ஒரே ஆளு, ஒரே மாதிரி குலுக்கினது. அப்ப நீ சொன்னது கரெக்ட்டுதான். மேடத்துகிட்ட இது நாம பிளான் பண்ணிக் குலுக்கினதுன்னு சொல்லிடு. புதன்கிழமை காலையில பத்து மணிக்குக் குலுக்கினோம்னு வெச்சுக்கலாம். சாப்டர் முடிஞ்சிரும். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அக்கா தண்ணீர்க் குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள்.

எனக்கு அப்போது பயமாக இருந்தது. அவள் சரி என்று சொல்லிவிடுவாள் என்று பயமா, சொல்லமாட்டாள் என்று பயமா, தெரியவில்லை. சரி என்று சொன்னால் திங்கட்கிழமை முடிஞ்சிரும். அவள் சொன்ன அதே திங்கட்கிழமை. அப்பா துறைமுகத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். நானாக இருந்தால் பத்து மணி என்ன, பத்தே கால் என்றுகூடச் சொல்லியிருப்பேன். அவள் கழுவிய பீக்கர்களை அலமாரியில் அடுக்கினாள். சார் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். அவர் பழக்கம் அது.

பவானி மேடம் சின்ன உருவம், பெரிய கண்ணாடி. கூட இன்னொரு பேராசிரியர், சுப்பராயலு. வந்ததும் வடையைப் பார்த்தவர் அவர்தான். சார் இருவரையும் மேஜைக்குக் கூட்டி வந்து, கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். "மேடம், ஒரு புது டிசைன் பண்ணோம். வெறுமனே சாம்பிள் எடுக்கறதுக்குப் பதிலா, பிளான் பண்ணி ரெண்டு வரிசையையும் ஒரே நேரத்துல குலுக்கி..."

மேடம் கண்ணாடியை ஏற்றி, குனிந்து பின் வரிசையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லாருக்கே. எப்போ குலுக்கினீங்க?"

"புதன்கிழமை பத்து மணி" என்றார் சார்.

"எவ்வளவு நேரம்? கையாலயா, மெஷின்லயா?"

சார் அக்காவைப் பார்த்தார். "ஜான்சி சொல்லுவா."

"தெரியாது மேடம்" என்றாள் அக்கா. "நான் குலுக்கலை. சார் பூசைக்குப் போட்டோ எடுக்கறதுக்காகக் குலுக்கச் சொல்லியிருக்காரு. குலுக்கினவங்க அங்க நிக்கிறாங்க. எப்போ, எவ்வளவு நேரம்னு யாருக்கும் தெரியாது. எனக்கு மூணு மாசம் போச்சு."

சுப்பராயலு சார் வடையைக் கடித்த இடத்தில் நிறுத்திவிட்டார். செந்தமிழ் சார் சிரித்தார். "டென்ஷன்ல என்னவோ பேசறா மேடம். ஏழு வருஷம்ல. ஜாஸ்தி ஸ்ட்ரெஸ்."

"டென்ஷன் இல்ல சார். கோவம்" என்றாள் அக்கா. அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஏழு வருஷமா பின் வரிசை பிரியாதது நான் கலக்கத் தெரியாததாலன்னு சொன்னீங்க. இன்னிக்குக் காலையில நான் சொன்னது கரெக்ட்டுன்னு சொன்னீங்க. நடுவுல நடந்தது என்ன? பூசை. அவ்வளவுதான். ராசம்மாக்காவை வேலைய விட்டு நிறுத்தறேன்னு சொன்னீங்க. அவுங்க செஞ்சது நீங்க சொன்னதை. எனக்கு அவுங்க மேலயும் கோவம்தான். அது எனக்கும் அவுங்களுக்கும். நீங்க அதுல வர வேணாம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜான்சி, நீங்க சொல்றது புரியுது. ஆனா நேரம் தெரியாததை நான் ரிசல்ட்டுன்னு எடுத்துக்க முடியாது. சாம்பிளும் இல்லை. எனக்கு சாயங்காலம் ரயில். கமிட்டி என்னன்னு எழுதணும், சொல்லுங்க."

அதாவது முடிந்தது என்று அர்த்தம். நாகரிகமாகச் சொன்னார்.

அக்கா மேஜைக்கு வந்தாள். முன் வரிசையிலிருந்து ஒரு குழாயையும் பின் வரிசையிலிருந்து ஒரு குழாயையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்தாள். பொட்டு அவள் விரலில் ஒட்டியது. மூன்று மாசமாகப் பக்கத்தில் யாரையும் நடக்கக்கூட விடாமல் வைத்திருந்த அந்தக் குழாய்களைத் தலைகீழாகக் கவிழ்த்தாள், நிமிர்த்தினாள், கவிழ்த்தாள். முன் வரிசையில் கண்ணாடி மாதிரி இருந்த கோடு அடுத்த நிமிஷம் இல்லை. அடுத்த ஜோடியை எடுத்தாள். அதையும். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கக் கை காலியாக இல்லை. கடைசி ஜோடி வரைக்கும் நிறுத்தவில்லை. மேஜை மேல் இருந்தது எல்லாம் ஒரே பால்.

"இப்ப மணி பாத்துக்கங்க மேடம்" என்றாள். "குலுக்கினது நான். உங்க முன்னாடி. ரயிலுக்குப் போறதுக்குள்ள முன் வரிசை தெளியும். பின் வரிசை தெளியாது. அப்படி நடக்கலைன்னா ரத்துன்னு எழுதிக்கங்க."

செந்தமிழ் சார், "மேடத்துக்கு அவ்ளோ நேரம் உட்கார முடியாதும்மா, சாப்பாடு..." என்று இழுத்தார்.

"சாப்பாடு சொல்லலை சார். வடைதான் இருக்கு."

சொல்லியிருந்தாள். மெயின் ரோடு ஓட்டலில் நான்தான் அட்வான்ஸ் கொடுத்தேன். வெளியே போய் போனில் கேன்சல் பண்ணினேன். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாகச் செய்த ஒரே வீட்டு வேலை அது.

மேடம் உட்கார்ந்தார். உட்காருவார் என்று நானும் நினைக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஸ்டாண்டுக்கு நேராக, சினிமா பார்க்கிற மாதிரி. அக்கா நின்றாள். சுப்பராயலு சார் கொத்சை முடித்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கினார். செந்தமிழ் சார் உள்ளே வந்தார், வெளியே போனார், போனில் பேசினார், ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்துகிற சத்தத்துக்கு அக்கா பல்லைக் கடித்தாள். ராசம்மாக்கா வாசல்படியிலேயே நின்றார். போகச் சொல்லவும் ஆளில்லை, உட்காரச் சொல்லவும் ஆளில்லை. நான் பிளாஸ்க்கிலிருந்து ஒரு காபி ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பால், பால், பால். தெளியாவிட்டால் செந்தமிழ் சாரின் செருப்பை எங்கே ஒளித்து வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் தாண்டிய பிறகு முன் வரிசை முதல் குழாயின் மேல் விளிம்பில் வெளுப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்று வாயை மூடிக்கொண்டேன். மேடம் ஸ்டூலை இன்னும் கிட்டே நகர்த்தினார். அப்புறம் இரண்டாவது குழாய். வெயில் ஜன்னலை விட்டு இறங்கும்போது முன் வரிசை முழுக்க, அழுக்குத் துணி அலசின தண்ணீர் அடங்குகிற மாதிரி, மேலே தெளிந்து, கீழே தெளிந்து, நடுவில் கோணல்மாணலாக ஒரு கோடு வந்தது. பின் வரிசை அசையவில்லை. ஊற்றி வைத்த ஆவின் பால்.

"கோட்டுல உக்காந்துருக்கு" என்றார் மேடம், யாருக்கும் இல்லாமல்.

"ஆமா மேடம்" என்றாள் அக்கா.

"அளவு இல்லாம இது பத்தாது. தெரியும்ல? மறுபடி நிறுத்தி வெச்சு, பிரிய விட்டு, எனக்கு சாம்பிள் அனுப்பணும். ஆறு மாசம் நீட்டிப்புக்கு நான் சிபாரிசு பண்றேன். கைடு கையெழுத்து போடணும்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மேடம் செந்தமிழ் சாரைப் பார்த்தார். "லேபுக்கு இதுக்கு முன்னாடி எப்போ வந்தீங்க சார்?"

"பூசைக்கு வந்தேனே மேடம்."

"அதுக்கு முன்னாடி?"

சார் பதில் சொல்வதற்குள் மேடம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இது வெற்றி இல்லை. எழுதும்போது வெற்றி மாதிரி வந்துவிடுகிறது, அதனால் சொல்கிறேன். மூன்று மாசம் போனது போனதுதான். வீட்டுக்கு வந்து அக்கா நடந்ததைச் சொன்னதும் அம்மா, "அவரு சொன்ன மாதிரியே சொல்லியிருக்கலாம்ல? பத்து மணின்னா என்னாடி, உலகம் அழிஞ்சுடுமா?" என்று அழுதாள். திட்டக்குடிக்காரர்களுக்கு ஆறு மாசம் ஜாஸ்தியாம். ராசம்மாக்காவை நிறுத்தவில்லை. அக்கா ஆபீசில் போய், தப்பு அவர்மேல் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் ராசம்மாக்காவிடம் இன்றுவரை பேசவில்லை. அவர் எடுத்து வைத்திருந்த பொரியை நான்தான் தின்றேன். நமுத்துப்போயிருந்தது. "பாப்பா இன்னும் கோவமாத்தான் இருக்குதா?" என்று என்னைக் கேட்டார். "உங்க மேல கோவப்பட அவளுக்கு இன்னும் முறை வரலை. வரிசையில நில்லுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சொன்ன பிறகு என்னவோ போல இருந்தது.

செந்தமிழ் சார் கையெழுத்துப் போடவில்லை. பார்க்கலாம் என்றார். மீட்டிங் என்றார். பேனா இல்லை என்றுகூட ஒரு நாள் சொன்னார். அக்கா அவர் ரூம் வாசலில் போய் உட்கார ஆரம்பித்தாள். தரையில் இல்லை, வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தாள். படித்துக்கொண்டிருப்பாள். அவர் ரூமுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "என்னம்மா இங்க?" என்று கேட்பார்கள். "சார் கையெழுத்துக்கு" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். சால்வையோடு வருகிறவர்களிடமும் அதையேதான் சொன்னாள்.

கெடு முடிகிற அன்றைக்கு நானும் போயிருந்தேன். சார் கதவைத் திறந்து, "உள்ள வாம்மா" என்றார். நானும் கூடவே போனேன். என்னை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பேப்பரை வாங்கி, படிக்காமலே கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, உடனே கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பவானி மேடம் போன் பண்ணாங்க. அதுக்காக இல்ல, உன் நல்லதுக்குச் சொல்றேன். நான் உனக்கு அப்பா மாதிரி. இந்தக் கோவத்தைக் கொஞ்சம் குறைச்சுக்க. பொம்பளப் புள்ளைக்கு நாளைக்கு வேலைக்குப் போற எடத்துல இது ஆவாது."

அக்கா அவர் கையிலிருந்து பேப்பரை இழுத்துக்கொண்டாள். கையெழுத்து இருக்கிறதா, முத்திரை இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்தாள்.

"இப்ப குறைக்க முடியாது சார்" என்றாள். "இன்னும் ஆறு மாசத்துக்கு எனக்கு வேணும்."